கொய்யா விறகுப் புகை

போன வாரம் என் மகன், டெல்லி துவாரகாவில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே இருக்கும் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாக்கெட் வாங்கி வந்தான். காற்றை உறிஞ்சி எடுத்து ஒட்டிய பாக்கெட். உள்ளே மெல்லிசாகச் சீவிய கோழிக்கறி. "அம்மா, அப்பா பண்ணுவாங்கல்ல, அந்த மாதிரி. ஸ்மோக்டு" என்றான். கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டியதும் ஒரு வாசனை வந்தது. முதல் மூச்சுக்குச் சரியாகத்தான் இருந்தது. இரண்டாவது மூச்சில் ஆஸ்பத்திரித் தரை துடைக்கிற தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். புகை வாசனை தரும் எசென்ஸ் சேர்த்திருக்கிறார்களாம். அடுப்பையே பார்க்காத புகை!

அதையும் சாப்பிட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உப்பும் கொழுப்பும் எதிரே வந்தால் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த நாக்கு எனக்கு என்றுமே இருந்ததில்லை. ஆனால் சாப்பிட்டு முடித்த பிறகு விரலை முகர்ந்து பார்த்தேன். அந்தக் காலத்தில் இவர் விரலை முகர்ந்தால் இரண்டு நாளானாலும் புகை இருக்கும்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். சாணக்யபுரியில் ஒரு தூதர் வீட்டுச் சமையல்காரர். எழுபதுகளின் நடுவில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தபோது, தூத்துக்குடிப் பக்கத்து என் சொந்தக்காரர்களுக்கு அந்த வேலையை எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. நான் டெல்லியில் ஸ்டாஃப் நர்ஸ். மாப்பிள்ளை சமையல் என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, என் சித்தப்பா "எம்பசியில இருக்காரு" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். கேட்டவர்கள் எல்லாம் பாஸ்போர்ட்டுக்குச் சிபாரிசு கேட்டு வந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் கொண்டாட்டம். சமையல்காரரைக் கட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் அடுப்படிப் பக்கம் போக வேண்டாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஊருக்கெல்லாம் சமைப்பவர் வீட்டுக்கு வந்தால் பழைய சோறும் ஊறுகாயும்தான் கேட்பார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்தத் தூதரின் மனைவி பனி நாட்டுக்காரி. குளிர் தொடங்கியதும் கோழி, வாத்து எல்லாவற்றையும் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, தோட்டத்து மூலையில் ஒரு இரும்புப் பெட்டிக்குள் தொங்கவிட்டுப் புகை போடுவாள். பக்கத்தில் இவரும் நிற்பார். பங்களாவுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு குவார்ட்டர்ஸ் உண்டு. மாலையில் இவர் உள்ளே வந்தாலே, "குளிச்சிட்டு வாங்க, ரயில் இஞ்சின் மாதிரி நாறுதீய" என்று நான் வாசலிலேயே மறிப்பேன். அந்த அம்மா எனக்கும் ஒரு கோழித்தொடை கொடுத்தனுப்புவாள். மேலே தேன் நிறத்தில் பளபளவென்று தோல். உள்ளே இளஞ்சிவப்பாகக் கறி. வேகவில்லையோ என்று பயந்து முதல் தடவை நான் அதைக் குழம்பில் போட்டுக் கொதிக்கவைத்துவிட்டேன். இவர் சட்டியைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தார்.

பிறகு அந்தத் தூதருக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவர் தன் சமையல்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வேலை போன அன்றே குவார்ட்டர்ஸும் போனது. ஆர்.கே.புரத்தை ஒட்டிய முனிர்க்காவில் ஒரு மொட்டைமாடி அறை பிடித்தோம். அப்போது முனிர்க்கா முழுக்கக் கிராமம். சுவரெல்லாம் வரட்டி, சந்தெல்லாம் எருமை. மாடியில் நின்றால் மேட்டின் மேல் மலை மந்திர் தெரியும். 'நம்ம முருகன் கோயில் தெரிகிற இடம்' என்று, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரியான நானே அதில் ஓர் ஆறுதல் தேடிக்கொண்டேன்.

வீட்டுக்காரி ஜாட் இனத்து விதவை. அவளை ஊரே 'தாயி' என்றுதான் கூப்பிட்டது. அங்கே அதற்குப் பெரியம்மா என்று அர்த்தம். நம் காதில் வேறு மாதிரி விழும், அவ்வளவுதான். ஆள் நல்ல உயரம். குரல் தெருமுனையில் கிளம்பி அடுத்த தெருமுனைவரை போகும். சாவியைக் கொடுக்கும்போதே ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"மாஸ், மச்லி, அண்டா... குச் நஹீ. சமஜீ?"

கறி, மீன், முட்டை எதுவும் கூடாது. நாங்கள் இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரித் தலையாட்டினோம். அந்த நிபந்தனையால் எங்களுக்குப் பெரிய கஷ்டமும் வந்துவிடவில்லை. ஏனென்றால் இவர் சமைப்பதையே விட்டுவிட்டார்.

முதல் மாதம் வேலை தேடி அலைந்தார். அப்புறம் அலைவதை நிறுத்தினார். மாடியில் ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது. நான் காலை டியூட்டிக்குக் கிளம்பும்போது அதில் உட்கார்ந்திருப்பார். திரும்பி வரும்போதும் அதில்தான் இருப்பார். வெயில் மட்டும் இடத்தை மாற்றியிருக்கும். குடித்துவிட்டுச் சண்டை போடுகிற ஆளாக இருந்திருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். இவர் சும்மா இருந்தார். அந்தச் சும்மாவோடு எப்படிச் சண்டை போடுவது? ஒருநாள் கையில் வைத்திருந்த தேநீர் ஆறிப்போவதுகூடத் தெரியாமல் சொன்னார்: "புது வருசத்துக்கு ஊருக்குப் போயிருவோமா? நீ வேலைய விடுதேன்னு எழுதிக் குடுத்திரு."

சரி என்றேன். வார்டில் படுத்துக் கிடப்பவர்களை எனக்குத் தெரியும். நோய் குறைந்த பிறகும் எழுந்திருக்க மறுப்பவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களிடம் விவாதம் பண்ணக் கூடாது.

எங்கள் நர்ஸ் ஹாஸ்டலில் கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாடு வருஷத்துக்கு ஒருமுறை பெரிதாக நடக்கும். மலையாளிகள், தமிழ்க்காரிகள், ஆங்கிலோ இந்தியர்கள், வடகிழக்கு மலைப் பெண்கள் என்று எல்லோரும் ஒரே கூடத்தில் உட்காருவோம். வெளியே தங்கியிருக்கும் எங்களைப் போன்ற கல்யாணமானவர்களுக்கும் அழைப்பு உண்டு. அந்த வருஷம் ஹாஸ்டல் சமையல்காரர் தன் கிராமத்துக்குப் போய்விட்டார். என்ன செய்யலாம் என்று எல்லோரும் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

"எங்க வீட்டுக்காரர் புகை போட்ட கோழி பண்ணுவார். தூதர் வீட்டுல பண்ணுனது."

'தூதர்' என்ற சொல்லுக்கு மேட்ரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அரை நிமிஷத்தில் முடிவாகிவிட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் தாயியின் நிபந்தனை எனக்கு ஞாபகம் வந்தது.

"யாரக் கேட்டு வாக்குக் குடுத்த?" என்றார் இவர்.

"வாயில வந்துட்டு."

"எதுல பண்ண? இந்த மாடியிலயா? தாயி தூக்கி எறிஞ்சிருவா."

"அப்ப முடியாதுன்னு நாளைக்குச் சொல்லிருதேன்."

இவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மறுநாள் நான் டியூட்டி முடிந்து படியேறும்போது மாடியில் 'டங் டங்' என்று சத்தம். தாயி வீட்டுக் கொல்லையில் கோதுமை போட்டு வைத்துப் பாழாய்ப்போன ஒரு இரும்பு டிரம் கிடந்தது. இவர் அதைக் கேட்டு வாங்கி மேலே உருட்டிக்கொண்டு வந்து, அடிப்பக்கத்தில் உளியால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் பிடிக்கக் கேட்கிறார் என்று தாயி நினைத்திருக்கிறாள். தண்ணீர் பிடிக்கும் டிரம்மில் எதற்கு ஓட்டை என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை, எருமை கன்று போட்டிருந்தது.

வெள்ளோட்டத்துக்கு ஒரே ஒரு கோழி. துணியில் சுற்றி, என் யூனிஃபார்ம் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தோம். உப்பு, கொஞ்சம் வெல்லம், நசுக்கிய மிளகு, பூண்டு, பிரிஞ்சி இலை எல்லாம் போட்ட தண்ணீரில் ஓர் இரவு முழுக்க அது கிடந்தது. ஃபிரிட்ஜ் எங்களிடம் இல்லை. டெல்லியின் டிசம்பர் மாடிக்கு ஃபிரிட்ஜ் எதற்கு? காலையில் எடுத்துத் துடைத்து, தோல் காகிதம்போல உலரும்வரை காற்றில் தொங்கவிட்டார். டிரம்முக்கு அடியில் அங்கீட்டி என்கிற கரி அடுப்பை வைத்து, மேலே ஈர மரச்சீவலைத் தூவி, கோழியை டிரம்முக்குள் மாட்டி, வாயை நனைந்த சாக்கால் மூடினார். தச்சன் கடையில் இனாமாகக் கிடைத்த சீவல் அது.

அதுதான் தவறு. சீவல் முழுக்கப் பெட்டி அடிக்கிற பைன் மரத்தினுடையது, பிசின் உள்ள ஜாதி. சாயங்காலம் வெளியே வந்த கோழி கறுப்பாக, தார் ரோட்டில் விழுந்த செருப்பு மாதிரி இருந்தது. நான் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டேன். கசப்பு காதுவரைக்கும் ஏறியது. நல்லா இருக்கு என்று சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் என் முகம் சொல்லிவிட்டது.

அதே நேரத்தில் படியில் காலடிச் சத்தம். புகை தாயி வீட்டு முற்றம்வரை இறங்கியிருக்கிறது. வந்து நின்றாள். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, கோழி தட்டில் கால்களை நீட்டிக்கொண்டு கிடக்கிறது. முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு கோழியைப் பார்த்தாள். டிரம்மைப் பார்த்தாள். அப்புறம் வெகுநேரம் இவரைப் பார்த்தாள். இவர் முகமெல்லாம் கரி. புகை பட்டுக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது.

நான் முந்திக்கொண்டேன். "தாயி, மாஃப் கரோ. நாளைக்கே காலி பண்ணிடறோம்" என்று எனக்குத் தெரிந்த இந்தியையும் தெரியாத இந்தியையும் சேர்த்துக் கொட்டினேன்.

அவள் என்னைக் கண்டுகொள்ளவில்லை. கட்டிலைக் காட்டி இவரிடம் பேசினாள். அவளுடைய ஹரியானாப் பேச்சை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: "எங்க வீட்டு ஆளும் பட்டாளத்துலேர்ந்து வந்து இப்படித்தான் உட்கார்ந்தாரு. இதே மாடி. எங்கேயாவது போ, எதையாவது செய்யின்னு நானும் கத்திப் பார்த்தேன். ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்தாரு. அப்புறம் எழுந்திருக்கவே இல்ல. நீயும் உட்கார்ந்தத நான் கீழேயிருந்து தெனமும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அப்புறம் அவளுடைய வழக்கமான குரல் வந்துவிட்டது.

"வீட்டுக்குள்ள கொண்டுவரக் கூடாது. எங்க வீட்டுப் பாத்திரத்தத் தொடக் கூடாது. மாடியில என்ன வேணா பண்ணு. புகை கீழ வரக் கூடாது!"

புகையிடம் அதை யார் சொல்வது என்று நான் நினைத்துக்கொண்டேன். படியில் இறங்கும்போது திரும்பிப் பார்க்காமலே இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனாள். கொல்லையில் கொய்யா மரத்தைக் கழித்துப்போட்ட கிளை கிடக்கிறதாம், தச்சன் குப்பையை எரிக்காமல் அதை எடுத்து எரிக்கட்டுமாம்.

கொய்யா விறகில் புகை போட்ட இரண்டாவது கோழியை நாங்கள் கட்டிலில் உட்கார்ந்து தின்றோம். தட்டுகூட எடுக்கவில்லை. இவர் பேசிக்கொண்டே தின்றார். உப்பு இன்னும் கொஞ்சம் குறையணும், கரி பாதியே போதும், கொய்யா கொஞ்சம் இனிப்பாப் பிடிக்கி, இல்லியா? நான் ஆமாம் ஆமாம் என்று எலும்பை உறிஞ்சினேன். அவர் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. வேலை போன பிறகு அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஹாஸ்டலுக்கான கோழிகள் எல்லாம் மாடியில் கொடிக்கயிற்றில் தொங்கின. என் ஆஸ்பத்திரி டவல்களுக்குப் பக்கத்தில் வரிசையாக, காலில் கம்பி கட்டி. நான் டியூட்டியில். இவருக்குக் கரி தீர்ந்துபோயிற்று. வாங்கப் போன கரி டிப்போவில் நீளமான வரிசை. டெல்லி வானத்தில் பருந்துக்குப் பஞ்சமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இவர் அந்தப் பக்கம் போனதும் ஒன்று இறங்கி ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

நான் மத்தியானம் சந்துக்குள் நுழையும்போதே தாயியின் குரல் கேட்டது. "ஹட்! ஹட்! ஹராம்கோர்!" யாரை இப்படித் திட்டுகிறாள் என்று பயந்து படியேறினேன். மாடியில் நான் பார்த்ததை இன்றைக்கும் அப்படியே வரைந்து காட்ட முடியும், எனக்கு வரையத் தெரிந்திருந்தால். கொடிக்கயிற்றில் கோழிகள். கோழிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள் தாயி. மூக்கை மூடி முந்தானை. கையில் எருமை ஓட்டும் தடி. மேலே வட்டமடிக்கும் பருந்தைப் பார்த்துத் தடியை ஆட்டுகிறாள். வசை மட்டும் ஓயவில்லை. அவள் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க ஒரு தடவைகூட அந்தக் கோழிகளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"உன் ஆள் எங்க போனான்?" என்றாள் என்னிடம். "எத்தன நேரம் நான் இந்தப் பொணங்களுக்குக் காவல் இருக்கிறது?"

கரி மூட்டையோடு இவர் மேலே வந்ததும் எழுந்தாள். தடியை அவர் கையில் திணித்துவிட்டு நேராகக் கீழே போனாள். அந்தக் குளிரில் குழாயடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. இவர் தடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். "இந்தா பாரு" என்று என்னைக் கூப்பிட்டார். தடியைத் தூக்கிக் காட்டினார்.

மறுநாள் ஹாஸ்டல் கூடத்தில் கோழிகள் தட்டில் போனபோது, பாட்டு நின்று பேச்சு நின்று மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. மேட்ரன் மூன்றாவது துண்டுக்குக் கை நீட்டினார். பெருமையில் எனக்குத் தலை கூரையில் இடித்தது. இவர் கூடத்துக்குள் வரவே இல்லை, சமையலறையிலேயே நின்றுகொண்டார்.

எங்களோடு ஸாங்கி என்று ஒரு மிசோ பெண் இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். அவளுடைய மலையில் அப்போது நிலைமை சரியில்லை, ஊருக்குப் போய்ச் சில வருஷமாகியிருந்தது. அவள் தன் துண்டைச் சாப்பிடவில்லை. மூக்கருகே வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அப்புறம் தட்டோடு எழுந்து சமையலறைக்குப் போனாள். பிடிக்கவில்லையோ என்று நானும் பின்னாலேயே போனேன்.

இவரிடம் போய் நின்று, "பையா, யே மேரா கர் கா ஸ்மெல் ஹை" என்றாள். அண்ணா, இது எங்கள் வீட்டு வாசனை என்கிறாள்.

அவர்கள் வீட்டில் அடுப்புக்கு மேலே பரண் கட்டிக் கறியைத் தொங்கவிடுவார்களாம். எந்நேரமும் அதில் புகை பட்டுக்கொண்டே இருக்குமாம். அம்மாவின் தலைமுடிகூட இப்படித்தான் மணக்குமாம். உடைந்த இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தவள், அம்மா என்ற இடத்தில் அழுதுவிட்டாள். இவர் இடுப்பில் செருகியிருந்த துண்டை எடுத்து, கரி படிந்த துண்டு அது, அவளிடம் நீட்டினார். அவள் அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கன்னத்தில் கரியோடு போய் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் காலிப் பாத்திரங்களை மடியில் வைத்துக்கொண்டு இவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போதுதான் கேட்டார்.

"வேலைய எழுதிக் குடுத்திட்டியா?"

"இல்ல."

"குடுக்காத."

அதற்குப் பிறகு எல்லாம் கதைகளில் வருவதுபோல ஒரே நாளில் மாறிவிடவில்லை. இவருக்குச் சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் விடுதிச் சமையலறையில் இடம் கிடைக்க அடுத்த கோடை வந்துவிட்டது. ஆனால் அதுவரைக்கும் அவர் அந்தக் கட்டிலில் தூங்கத்தான் செய்தார், உட்காரவில்லை. என் மகன் அந்த மாடியில்தான் தவழ்ந்தான். ஒவ்வொரு குளிர்காலமும் டிரம்மில் புகை எழும்பியது. தாயி ஒவ்வொரு தடவையும் கீழேயிருந்து திட்டினாள். ஒவ்வொரு தடவையும் கொய்யாவைக் கழித்து, விறகை வெட்டிப் படியோரம் அடுக்கியும் வைத்தாள். புகை போடும் அன்றைக்கு இவர் குளித்து, புது வாணலியில் நெய் விட்டு அவளுக்கென்று ரவா கேசரி கிண்டுவார். "மத்ராசி ஹல்வா" என்று சொல்லிச் சட்டியை வழித்துச் சாப்பிடுவாள். கோழியை அவள் சாகும்வரை தொடவில்லை.

எண்பதுகளின் கடைசியில் அவள் போய்ச் சேர்ந்தாள். பதின்மூன்றாம் நாள் ஊர்ச் சாப்பாட்டுக்கு அவளுடைய மகன்கள் இவரைத்தான் கூப்பிட்டார்கள். முற்றத்தில் பெரிய கடாயை ஏற்றி, அந்தச் சந்து முழுக்கவும் வந்து உட்காரும் அளவுக்குப் பூரி பொரித்துக் கொடுத்தார். அவர் பூரி பொரித்துக்கொண்டே அழுததை நான் மட்டும்தான் பார்த்தேன். எண்ணெய்ப் புகை என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

பிறகு மகன்கள் வீட்டை இடித்து ஐந்து மாடி கட்டினார்கள். கொய்யா மரம் நின்ற இடத்தில் படிக்கட்டு வந்தது. நாங்கள் வானம் பார்த்துப் படுத்திருந்த உயரத்தில் இப்போது யாருடைய குளியலறையோ இருக்கிறது. ஸாங்கி தன் மலைக்கே திரும்பிவிட்டாள். மற்றவர்கள் குவைத்துக்கும் மஸ்கட்டுக்கும் போனார்கள். துவாரகா சொசைட்டியில் பால்கனியில் ஊதுபத்தி ஏற்றினாலே செக்ரட்டரி போன் பண்ணுகிறார். அதனால் இங்கே வந்த பிறகு இவர் புகை போடவே இல்லை. சில டிசம்பர்களில் பால்கனியில் நின்று காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மட்டும் விரலை நனைத்துப் பார்ப்பார். அவரும் போய் நான்கைந்து வருஷமாகிறது.

டெல்லிக் குளிரில் புகைக்கு இப்போதும் குறைவில்லை. முன்னைவிட அதிகம். தீபாவளி முடிந்தால் சூரியனே தெரிவதில்லை. என் மகன் ஜன்னலையெல்லாம் அடைத்து, காற்றைச் சுத்தம் பண்ணும் மிஷினைப் போட்டுவிட்டு, "வெளிய போகாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போகிறான். நான் அவன் பேச்சைக் கேட்காமல் கதவைக் கொஞ்சம் திறந்து மூச்சை இழுத்துப் பார்க்கிறேன். தொண்டை எரிகிறது, கண் எரிகிறது. ஆனால் அந்தப் புகையில் எந்த வீட்டு வாசனையும் இல்லை.